நந்திக்கு எத்தனை கை?

"நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்" என்று ஒரு பேச்சு உண்டு. பங்குனி மாதத்தில் திருவையாற்றிலிருந்து மாப்பிள்ளையாகப் புறப்படும் நந்தி, கொள்ளிடம் தாண்டி திருமழபாடிக்கு வந்து சுயசாம்பிகையைக் கைப்பிடிக்கிறார். வரன் அமையாத பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஜனங்கள் திரண்டு வருகிறார்கள்.

இந்தக் கல்யாணத்தை ஏஐ மென்பொருளிடம் படமாகக் கேட்டால் என்ன வரும்?

மாப்பிள்ளை கோலத்தில் வருபவர் அதிகார நந்தி. மாட்டு முகம், மனித உடல். பின் இரண்டு கைகளில் மழுவும் மானும் இருக்கும், முன் இரண்டு கைகளும் கும்பிட்டபடி இருக்கும். ஆக மொத்தம் நான்கு கைகள்! ஆனால் 'நந்தி' என்ற பெயரோடு இணையத்தில் குவிந்து கிடப்பவை படுத்திருக்கும் கல் காளையின் படங்கள்தான். அதனால் மாலை போட்ட ஒரு காளைமாடு வருவதற்கே வாய்ப்பு அதிகம். 2022ல் இந்த மென்பொருள்கள் பரவலானபோது, ஆறு விரல் கைகளைப் போட்டு உலகத்தையே சிரிக்க வைத்தன. இப்போது விரல்களை ஓரளவு ஒழுங்காகப் போடுகின்றன. ஆனால் நான்கு கைதான் சரி என்கிற ஓர் இடத்தில், எந்தக் கையில் எது இருக்க வேண்டும் என்பதை அவை எங்கே போய்த் தெரிந்துகொள்ளும்?

காரணம் எளிமையானது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்றவை லேயான்-5பி என்ற தொகுப்பிலிருந்து கற்றுக்கொண்டவை. அதில் உள்ள படம்-குறிப்பு ஜோடிகள் சுமார் 585 கோடி. அவற்றில் 232 கோடிக்கு ஆங்கிலக் குறிப்பு. மீதியில் ஒரு பகுதியை நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதில் தமிழுக்கு எவ்வளவு, தமிழில் திருமழபாடிக்கு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்!

எழுத்திலும் இதே கதைதான். 'கோயில்' என்ற சொல்லில் 'கோ' ஒரே எழுத்து. ஆனால் எழுதும்போது 'க'வுக்கு முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி. ஏஐ அதை எழுத்தாகப் படிப்பதில்லை, கோடும் சுழியுமாகப் பார்க்கிறது. விளைவு? 247 எழுத்துகளில் எதிலும் சேராத புது எழுத்துகள்! சமீபத்திய மாடல்கள் ஒன்றிரண்டு சொற்களைச் சரியாகவே எழுதுகின்றன. பத்திரிகை நீளத்துக்குப் போனால் தடுமாற்றம் தொடங்கிவிடுகிறது.

பிழை செய்வதல்ல இங்கே பெரிய குற்றம். பிழை என்று காட்டிக்கொள்ளாததுதான் குற்றம்.

கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது புரியும். இருப்பாய்வில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை என்றால், வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டு வைப்பார்கள். 'இங்கே ஏதோ தெரியவில்லை, பிறகு கண்டுபிடிக்க வேண்டும்' என்று நேர்மையாக ஒத்துக்கொள்வதுதான் அந்தக் கணக்கு. ஏஐ படத்தில் அனாமத்துக் கணக்கே கிடையாது! தெரியாத இடத்தையெல்லாம் எங்கெங்கோ பார்த்ததன் சராசரியால் நிரப்பி, பளபளப்பாக்கி, 'ஒத்துப்போய்விட்டது' என்று கொடுத்துவிடுகிறது.

கொள்ளிடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காவிரியின் வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் ஆறு அது. வருஷத்தில் பல மாதங்கள் அகன்ற மணல்வெளியும் நாணலும்தான். ஆறு என்று கேட்டால் இருகரை தொட்ட நீல நீரை வரைவது சராசரி. அதை அழகு என்று ஸ்டேட்டஸ் வைக்கலாம். ஆனால் பத்து வருஷம் கழித்து ஒரு பிள்ளை 'திருமழபாடி' என்று தேடும்போது அந்தப் படம்தான் முதலில் வந்து நின்றால்? அடுத்த ஏஐ அதையே பார்த்துக் கற்றுக்கொண்டால்? வவுச்சர் இல்லாத பதிவு ஒரு வருஷக் கணக்கைத்தான் கெடுக்கிறது என்று நினைக்கக்கூடாது. அந்தத் தவறான இருப்புதான் அடுத்த வருஷத்தின் ஆரம்ப இருப்பு!

அதற்காக ஏஐயே வேண்டாம் என்று சொல்வது சரியல்ல. ஒரு கற்பனைக் கதைக்குப் படம் வேண்டுமா, தாராளமாகக் கேட்கலாம். பிறந்தநாள் வாழ்த்துக்கும் கேட்கலாம். ஆனால் இருக்கிற ஊருக்கு, நடக்கிற திருவிழாவுக்கு எதற்குக் கற்பனைப் படம்? வைத்தியநாத சுவாமி கோயில் அங்கேயே இருக்கிறது. கல்யாணம் வருஷா வருஷம் நடக்கிறது. கூட்டத்தில் பாதிப்பேர் கையில் கேமரா வைத்த போன் இருக்கிறது.

வரும் பங்குனியில் போகிறவர்கள் ஒரு காரியம் செய்யலாம். எடுக்கும் படத்தின் கீழே ஊர், நாள், இன்ன நிகழ்ச்சி என்று தமிழில் ஒரு வரி எழுதி இணையத்தில் போடலாம். விக்கிமீடியா காமன்ஸில் போட்டால் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. நந்திக்கு எத்தனை கை என்று கேட்பவர்களுக்கு அந்த மங்கல் படம் சரியான பதில் சொல்லும்.