எமினோனு வீதியில் ஓர் இனிப்புக் கடை

துருக்கி தேசத்திற்குச் சுற்றுப்பயணம் சென்று திரும்புகிற நம்மவர் பலர், கையில் ஓர் இனிப்புப் பெட்டியோடு வருவதை நீங்கள் கண்டிருக்கலாம். மேலே வெண்பொடி தூவப்பட்டு, விரலால் அழுத்தினால் அமிழ்ந்து மீண்டும் எழும்பும் சிறு சதுரத் துண்டுகள் அதில் இருக்கும். ஆங்கிலேயர் இதை 'டர்கிஷ் டிலைட்' என்றார்கள். துருக்கியர் 'லோகும்' என்கிறார்கள். தொண்டைக்கு இதமளிப்பது என்னும் பொருளுடைய ஒரு பழைய அரபுச் சொற்றொடர் தேய்ந்து இப்பெயர் வந்தது. அப்பெட்டி பெரும்பாலும் விமான நிலையத்தில் கடைசி நேர அவசரத்தில் வாங்கப்பட்டதாக இருக்கும். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் இஸ்தான்புல் பட்டணத்தில் அரைநாள் ஓய்வு உங்களுக்கு வாய்க்குமானால், 1777-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஒரு கடையைக் காணாமல் திரும்பாதிருங்கள்.

எமினோனு படகுத்துறையில் இறங்கினால், எதிரே 'புதிய மசூதி' நிற்கும். பெயர்தான் புதியது, கட்டி முடிக்கப்பட்டதோ 17-ஆம் நூற்றாண்டில்! அதன் அருகிலுள்ள மசாலாச் சந்தைக்குள் கூட்டம் வெள்ளம்போல் பாயும். நீங்கள் அக்கூட்டத்தோடு செல்லாமல், சிர்கேஜி இரயில் நிலையத்தின் பக்கமாகச் செல்லும் ஹமீதியே வீதியில் நடந்து செல்லுங்கள். பாஹ்சேகாபி என்று வழங்கும் அப்பகுதியில் 'ஹாஜி பெக்கிர்' என்ற பெயர்ப்பலகையைக் காண்பீர்கள். இத்தனை பெயர்பெற்ற கடை மாளிகைபோல் இருக்கும் என்று எதிர்பார்த்துச் செல்கிறவர்களுக்குச் சற்று ஏமாற்றமே. கண்ணாடிச் சாடிகளில் பல வண்ண மிட்டாய்கள், தட்டுகளில் அடுக்கிய லோகும், நிறுத்துக் கொடுக்கும் பணியாளர், இவ்வளவுதான்.

அந்தப் பலகையிலுள்ள பெயருக்குரியவர் அப்பட்டணத்தில் பிறந்தவர் அல்லர் என்பதை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். கருங்கடலுக்குத் தெற்கே, மலையும் காடும் நிறைந்த கஸ்தமோனு பிரதேசத்தில் அராச் என்னும் சிற்றூரிலிருந்து பிழைப்புத் தேடித் தலைநகருக்கு வந்தவர் பெக்கிர் எஃபெந்தி. சொந்த ஊரை விட்டுப் பெருநகரங்களில் குடியேறிய நமக்கு, அவர் பட்ட பாடுகளை எவரும் விளக்கத் தேவையில்லை. சிறு கடையொன்றைத் திறந்து மிட்டாயும் லோகுமும் காய்ச்சி விற்றார். பின்பு மக்கா யாத்திரை சென்று திரும்பியதனால் 'ஹாஜி' என்ற அடைமொழி சேர்ந்தது. சுல்தான் இரண்டாம் மஹ்மூதின் காலத்தில் அரண்மனையின் தலைமை மிட்டாய்க்காரர் என்னும் பதவியும் அவரைத் தேடி வந்தது.

லோகுமைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்று சொல்வோரும் உண்டு. அப்படிச் சொல்வது மிகை என்றே எனக்குத் தோன்றுகிறது. தேனோ பழப்பாகோ மாவோடு சேர்த்துக் கிண்டிய பழைய வகை இனிப்புகள் அதற்கு முன்னரும் அத்தேசத்தில் இருந்தன. தேனுக்குப் பதிலாகச் சுத்திகரித்த சர்க்கரையும், மாவுக்குப் பதிலாக ஸ்டார்ச்சும் வந்தபோது, அவற்றைக் கொண்டு கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் ஓர் இனிப்பைச் செய்து அதற்குப் பெயர் தேடித் தந்தவர் என்று சொன்னால் அது பொருந்தும். அதுவே சிறிய காரியம் அன்று.

செய்முறையோ எளிது, உழைப்புதான் கடினம். சர்க்கரைப் பாகில் ஸ்டார்ச்சைக் கரைத்துவிட்டு, பாகு மீண்டும் கற்கண்டாகிவிடாதபடி சிறிது புளிப்புப் பொருள் சேர்த்து, மெல்லிய தீயில் நெடுநேரம் கிளறுகிறார்கள். கை ஓய்ந்தால் அடிபிடித்துவிடும். பதம் வந்தபின் ஸ்டார்ச் பரப்பிய தட்டுகளில் ஊற்றி, ஆறவிட்டு, மறுநாள் துண்டு போடுகிறார்கள். ரோஜா, எலுமிச்சை, பிஸ்தா, கியோஸ் தீவில் விளையும் மாஸ்டிக் என்னும் மரப்பிசின் என்று வகைகள் பல. முறைப்படி செய்த லோகுமில் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின் சேர்வதில்லை. ஆகையால் சைவ உணவினர் வீட்டுக்கும் தயங்காமல் எடுத்துச் செல்லலாம். அங்கே 'ஹெல்வா' என்று கேட்டுவிட்டு, நம் அல்வா வரும் என்று மட்டும் காத்திராதீர்கள்; எள் விழுதினால் செய்த, உதிர்கிற பண்டம் ஒன்று வரும்!

சாடிகளில் காணும் கண்ணாடி மிட்டாய்க்கு 'அகிதே' என்று பெயர். உடன்பாடு, உறுதிப்பாடு என்னும் பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. ஜானிசரிகள் எனப்பட்ட சுல்தானின் காலாட்படையினருக்கு மூன்று மாதத்திற்கு ஒருமுறை சம்பளம் கொடுக்கும் நாளில், எங்களுக்கு மனக்குறை இல்லை என்பதற்கு அடையாளமாகப் படைத்தலைவர்கள் இந்த மிட்டாயை அமைச்சர்களுக்கு அளிப்பார்களாம். மனக்குறை வந்தால் அப்படையினர் சுல்தானையே சிங்காசனத்திலிருந்து இறக்கியதும் உண்டு. எனவே அன்று மிட்டாய் வந்துசேரும் வரையில் அமைச்சர்களுக்கு நிம்மதி இருந்திராது. 1826-ஆம் ஆண்டில் அப்படையே கலைக்கப்பட்டது. மிட்டாய் மட்டும் நின்றது.

அரண்மனையும் நிலைக்கவில்லை. 1922-இல் சுல்தான் ஆட்சி ஒழிந்தது. மறுவருடம் குடியரசு பிறந்தது. அரண்மனையையே நம்பியிருந்த பல தொழில்கள் அத்தோடு மறைந்துபோயின. இக்கடை எப்படித் தப்பியது என்று நீங்கள் கேட்பீர்களானால், சாடிகளுக்கு முன்னே நிற்கிற ஜனங்களைச் சற்று நேரம் கவனித்துப் பாருங்கள் என்பேன். துருக்கிய வீட்டில் குழந்தை பிறந்தால், கிராம்பு மணக்கும் சிவந்த சர்க்கரைக் கட்டியைக் காய்ச்சிப் பிள்ளை பெற்றவளுக்கும் பார்க்க வருவோருக்கும் பானமாகக் கொடுப்பார்கள். நோன்புப் பெருநாளுக்குச் 'சர்க்கரைப் பெருநாள்' என்றே மற்றொரு பெயர் உண்டு. பெரியவர்களின் கையை முத்தமிடும் பிள்ளைகளுக்கு அன்று மிட்டாய் தயாராக இருக்கவேண்டும். மரித்தவரை நினைவுகூரக் கூடுகிறவர்களுக்கும் லோகும் கொடுத்தே அனுப்புவார்கள். ஆகவே மகிழ்ச்சி நேர்ந்தாலும் துக்கம் நேர்ந்தாலும் யாரோ ஒருவர் கடைக்கு வந்துதான் தீரவேண்டும். சுல்தானைவிட நல்ல வாடிக்கையாளர்கள் இவர்களே.

தொழில் தகப்பனிடமிருந்து மகனுக்கும், மகனிடமிருந்து பேரன் அலி முஹித்தீனுக்கும் சென்றது. அந்தப் பேரன் 1974 வரை வாழ்ந்தார். நிறுவனத்தின் பெயர் இன்றும் 'அலி முஹித்தீன் ஹாஜி பெக்கிர்' என்றே வழங்குகிறது. தகப்பனாரின் பெயரை முதலெழுத்தாகச் சுமந்து திரியும் நமக்கு, பேரனின் பெயரோடு பாட்டனார் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது வியப்பாக இராது. பிள்ளைகள் நம் தொழிலைத் தொடரவேண்டும் என்று வற்புறுத்துவது சரியா என்ற கேள்வி அங்கே நின்றபோது என் மனதில் எழுந்தது. அதற்கு எனக்கு விடை கிடைக்கவில்லை.

நீங்கள் செல்லும்போது பெரிய பெட்டியை எடுத்த எடுப்பில் வாங்கிவிடாதீர்கள். ரோஜாவிலும் மாஸ்டிக்கிலும் பிஸ்தாவிலும் சிறிது சிறிதாக நிறுக்கச் சொல்லுங்கள். மாஸ்டிக்கின் மணம் நம்மவர் எல்லாருக்கும் பிடிக்காது. பிஸ்தாவை வேண்டாம் என்பவரை நான் கண்டதில்லை. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்வது நலம். சர்க்கரை சேர்க்காத துருக்கியக் காப்பியோடு அந்த ஒரு துண்டைச் சுவைத்தால் அதுவே போதுமானதாகத் தோன்றும். வீடு வந்து சேர்ந்தபின் பெட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். ஈரம் பட்டு மேற்பொடி கரைந்துவிடும். மூடிபோட்டு அலமாரியில் வைத்தாலே போதும்.