தீக்கு முன்னே வரைபடம் வரட்டும்!

போடிக்கு மேற்கே குரங்கணி மலை. 2018-ம் ஆண்டு மார்ச் 11-ந்தேதி, ஞாயிற்றுக்கிழமை. மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ வளைத்துக்கொண்டது. 20-க்கும் மேற்பட்ட உயிர்கள் பலி! ஹெலிகாப்டர் வருமுன்பே காப்பாற்ற ஓடியவர்கள் மலைக்கிராம ஜனங்கள்தான்.

காய்ந்த புல், செங்குத்துச் சரிவு, பலத்த காற்று. மூன்றும் சேர்ந்தால் தீ மேல்நோக்கித் தாவும். ஏலத்தோட்டக் கூலியாளுக்கு இது தெரியும். வெளியூர்க்காரருக்கு யார் சொல்வது?

சொல்வதற்கு ஒரு கருவி இருக்கிறது. 'புவியியல் தகவல் அமைப்பு' என்று பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஒரு கண்ணாடித்தாளில் சரிவு, இன்னொன்றில் புல்வெளி, மற்றொன்றில் ஒற்றையடிப்பாதை, வேறொன்றில் ஓடை. நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஆபத்தான இடம் பளிச்சென்று தெரியும். அதையே கம்ப்யூட்டர் செய்கிறது. அவ்வளவுதான்!

டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம், செயற்கைக்கோள் மூலம் காட்டுத்தீயைக் கண்டு செல்போனுக்கே தகவல் அனுப்புகிறது. பொதுமக்களும் பதிவு செய்துகொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் செயற்கைக்கோள்கள் நாள் முழுக்கத் தலைக்கு மேலே நிற்பதில்லை. சில தடவைதான் கடந்து போகின்றன. இடையில் பற்றிய தீ, தகவல் வரும்வரை காத்திருக்குமா?

ஆகவே, தீ பிடித்தபின் வரும் சேதியைவிட, பிடிக்குமுன் எடுக்கும் முடிவே பெரிது.

அதற்கு ஏற்ற நாளும் இருக்கிறது. ஜனவரி 26-ல் கிராமசபை கூடுகிறது. கோடை தொடங்க அப்போது சில வாரமே பாக்கி. கொட்டகுடியிலும் மற்ற மலையடி ஊராட்சிகளிலும் அன்று அந்த வரைபடத்தைச் சுவரில் மாட்டட்டும். எந்தப் பாதையை மூடுவது, எங்கே தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, அடிபட்டவரை எந்த வழியாக இறக்குவது என்று வனத்துறையும் ஊராட்சியும் ஜனங்கள் முன்னிலையில் தீர்மானிக்கட்டும்.

"அந்தப் பாதை போன மழையோட போச்சு சார்" என்று மூட்டை சுமப்பவர் ஒருவர் சொன்னால், அதையும் அங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். வானத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்குத் தப்புவது, நடக்கிற காலுக்குத் தெரியும்!

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. கலெக்டர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தூங்கும் வரைபடம் மலைக்கு உதவாது. அடுத்த கோடைக்கு முன் அது மலையேறுமா?