கேஸ் மாத்திரை கேஸைக் குறைக்காது: வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்களுக்கு ஒரு நீண்ட இழை

1. வயசானவங்களுக்கு 'கேஸ் ட்ரபிள்'னு சொல்லி வருஷக்கணக்கா காலையில வெறும் வயித்துல ஒரு மாத்திரை கொடுத்துட்டு இருக்கீங்களா? பான்டோபிரசோல், ஒமிப்பிரசோல், ரபிப்பிரசோல், ஏதோ ஒண்ணு. அது கேஸைக் குறைக்கிற மாத்திரையே இல்லை. அது வயித்துல சுரக்கிற அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை. கீழ பிரியுற காத்து உருவாகிற இடம் பெரும்பாலும் பெருங்குடல். அந்த வேலைக்கும் இந்த மாத்திரைக்கும் சம்பந்தம் இல்லை.

2. நம்ம ஊர்ல 'கேஸ்'ங்கிறது ஒரு நோயின் பேர் இல்லை, ஒரு மூட்டை. ஏப்பம், நெஞ்செரிச்சல், வயிறு உப்புசம், மலச்சிக்கல், குசு, முதுகுப் பிடிப்பு, முட்டி வலி, தலைசுற்றல் எல்லாத்தையும் அதுக்குள்ள போட்டுக் கட்டிடுறோம். குடல் ஒரு குழாய். ஒரு முனை வாய், இன்னொரு முனை ஆசனவாய். அதுக்குள்ள இருக்கிற காத்து முழங்காலுக்குப் போய் உட்கார வழியே கிடையாது.

3. 'இல்ல டாக்டர், எனக்கு அதைப் போட்டா நல்லா இருக்கே.' இருக்கலாம். உங்களுக்கு இருந்தது நெஞ்செரிச்சல், கேஸ் இல்லை. அதோட, இதை ரொம்ப நாள் போட்டுட்டு திடீர்னு நிறுத்தினா அமிலம் கொஞ்ச நாளைக்கு முன்னைவிட அதிகமா சுரக்கும். எரியும். 'பாத்தீங்களா, மாத்திரை இல்லாம முடியல'ன்னு மறுபடி ஆரம்பிப்பாங்க. பல வீடுகள்ல இப்படித்தான் பதினஞ்சு நாள் மாத்திரை பத்து வருஷ மாத்திரையாகுது.

4. பத்து வருஷம் போட்டா என்ன ஆகும்? பி12 குறையலாம், மெக்னீசியம் குறையலாம். எலும்பு முறிவோடும் சில குடல் தொற்றுகளோடும் தொடர்பு பேசப்படுது. அமிலம் குறைஞ்சா சிறுகுடல்ல கிருமிகள் பெருக இடம் கிடைக்கும். அப்படிப் பெருகினா வயிறு உப்பும், காத்து கூடும். கேஸுக்குப் போட்ட மாத்திரையே சிலருக்கு கேஸ் கொடுக்கும்.

5. உடனே நிறுத்திடாதீங்க. அல்சர் இருந்தவங்க, கடுமையான அமில எதுக்களிப்பு உள்ளவங்க, ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ தொடர்ந்து எடுக்கிற பெரியவங்க இவங்களுக்கு இது ரத்தக்கசிவுல இருந்து காப்பாத்துற மருந்து. என் சண்டை மருந்தோட இல்லை. காரணம் தெரியாம, சீட்டு இல்லாம, 'கேஸ் மாத்திரை ஒரு அட்டை குடுங்க'ன்னு வாங்குற பழக்கத்தோட.

6. இப்போ காத்துக்கு வருவோம். குடல்ல காத்து ரெண்டு வழியில சேருது. ஒண்ணு, நாம விழுங்குற காத்து. இன்னொண்ணு, செரிக்காம பெருங்குடலுக்குப் போற மாவுச்சத்தையும் சர்க்கரையையும் நார்ச்சத்தையும் அங்க இருக்கிற பாக்டீரியா நொதிக்க வைக்கும்போது வர்ற காத்து. ஒரு நாளைக்கு 10 முதல் 20 தடவை பிரியறது சாதாரணம். அதுல பெரும்பகுதிக்கு வாசனையே கிடையாது. நாத்தம் தர்றது மிகச் சிறிய அளவில் இருக்கும் கந்தக வாயுக்கள்.

7. வயசானா ஏன் கூடுது? பல்லு போயிருக்கும், இல்லைன்னா பல் செட் ஆடும். மெல்லாம விழுங்கும்போது காத்தும் உள்ள போகும். நடை குறையும். ராத்திரி எழுந்திருக்கணுமேன்னு தண்ணி குடிக்கவே பயப்படுவாங்க. மலம் இறுகும், குடல்ல அதிக நேரம் தங்கும், நொதிக்கும். பால்ல இருக்கிற லாக்டோஸைச் செரிக்கிற நொதி நம்மில் பலருக்கு வயசு ஏற ஏறக் குறையும். அதனால ராத்திரி 'சத்துக்கு' கொடுக்கிற ஒரு டம்ளர் பாலே காரணமா இருக்கலாம்.

8. இன்னொண்ணு யாரும் பேசறதில்லை. சிலருக்குக் காத்து கூடியிருக்காது. அடக்கி வைக்கிற ஆசனவாய்த் தசை தளர்ந்திருக்கும். பல பிரசவம் பார்த்த அம்மாக்களுக்கு இது அதிகம். எழுந்தா, இருமினா, குனிஞ்சா தானா பிரியும். இதுக்கு எந்த கேஸ் மாத்திரையும் உதவாது. இடுப்புத்தளத் தசைப் பயிற்சி உதவும்.

9. அடுத்தது மருந்து. சுகருக்குக் கொடுக்கிற வோக்லிபோஸ், அகார்போஸ் ரெண்டும் மாவுச்சத்து செரிக்கிறதைத் தாமதப்படுத்தித்தான் வேலை செய்யுது. மிச்சம் பெருங்குடலுக்குப் போகும், காத்தாகும். மெட்ஃபார்மினும் சிலருக்கு வயிறு உப்ப வைக்கும். மலச்சிக்கலுக்குத் தர்ற லாக்டுலோஸ் சிரப் காத்தைக் கூட்டும். இரும்புச்சத்து மாத்திரையும் சில பிரஷர் மாத்திரைகளும் மலத்தை இறுக்கும். 'சுகர் ஃப்ரீ' மிட்டாய்ல இருக்கிற சார்பிட்டாலும் இதே வேலையைச் செய்யும்.

10. அதாவது சுகருக்கு ஒரு மாத்திரை, அதனால வந்த காத்துக்கு இன்னொரு மாத்திரை. ஓ.பி. வரிசை நீளம், நேரம் குறைவு, எழுதிக் கொடுக்கிறது சுலபம். இதெல்லாம் காரணம்தான், நியாயம் இல்லை. டாக்டர்கிட்ட நேரா கேளுங்க: 'இந்த மாத்திரைகள்ல எது காத்து உண்டாக்கும்? அளவைக் குறைக்கலாமா? மாத்தலாமா?' மெட்ஃபார்மினை மெதுவா கரையுற வகைக்கு மாத்தினாலே பலருக்கு வயிறு அடங்கும். ஆனா சுகர் மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க.

11. சோடா பத்தி ஒரு வார்த்தை. கோலி சோடாவோ, தண்ணில போட்டா பொங்குற உப்புப் பொடியோ குடிச்சதும் பெரிய ஏப்பம் வரும். 'கேஸ் வெளிய வந்துருச்சு'ம்பாங்க. அந்த ஏப்பத்துல பெரும்பாலும் வர்றது இப்போ நீங்க குடிச்ச கேஸ்தான். அந்தப் பொடியில சோடியமும் நிறைய. பிரஷர், இதய நோய், கிட்னி நோய் உள்ளவங்களுக்கு அது தினசரிப் பழக்கமாகக் கூடாது.

12. என்ன செய்யலாம்?
ரெண்டு வாரம் பால் மட்டும் நிறுத்திப் பாருங்க. தயிர், மோர் பலருக்கு ஒத்துக்கும்.
சுண்டல், மொச்சை, பயறு நல்லா ஊற வெச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு வேக வைங்க. அளவைக் குறைங்க. பருப்பையே நிறுத்திடாதீங்க. வயசான உடம்புல தசை ஏற்கனவே கரையுது, புரதம் வேணும்.
மெதுவா மென்னு சாப்பிடச் சொல்லுங்க. பல் செட் ஆடினா பல் டாக்டர்கிட்ட காட்டுங்க.
சாப்பிட்டு பத்து நிமிஷம் வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும்.
வெஸ்டர்ன் டாய்லெட்னா காலுக்குக் கீழ ஒரு சின்ன மணை போடுங்க. முக்காம மலம் போகும்.
பெருங்காயம், சுக்கு, ஓமம் ரசத்துல தாராளமா போடுங்க. அதை நம்பி டாக்டரைப் பார்க்கிறதைத் தள்ளிப் போடாதீங்க.

13. இப்போ நான் இந்த இழையை எழுதுற முக்கியக் காரணம். 'கேஸ்'ங்கிற வார்த்தை ஆளைக் கொல்லுது. நெஞ்சு பாரம், மேல் வயித்துல அழுத்தம், வியர்வை, மூச்சு வாங்குறது, இடது கையோ தாடையோ வலிக்கிறது இதுல எது வந்தாலும், பெரியவங்களுக்கு, முக்கியமா சுகர் உள்ளவங்களுக்கு, ஈ.சி.ஜி. எடுக்கிற வரைக்கும் அது கேஸ் இல்லை. சுகர் இருந்தா மாரடைப்பு வலியே இல்லாமகூட வரும். சோடா குடிச்சு, மாத்திரை போட்டு, 'காலையில பார்ப்போம்'னு படுக்கிற அந்த ஆறு மணி நேரத்துல இதயத் தசை செத்துட்டே இருக்கும். 108-ஐக் கூப்பிடுங்க. 2023-ல ஆரம்பிச்ச 'இதயம் காப்போம்' திட்டத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துலயே முதல் டோஸ் மாத்திரை கொடுக்கிறாங்க.

14. வேற எப்போ உடனே வரணும்? மலத்துல ரத்தம். காரணமில்லாம எடை குறையறது. ஐம்பது வயசுக்கு மேல புதுசா மலம் போற பழக்கம் மாறுறது. ரத்த சோகை. மாதவிடாய் நின்ன பெண்ணுக்கு வாரக்கணக்கா வயிறு உப்பி, கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைஞ்சு போறது. இதுக்குப் பின்னாடி பெருங்குடல் புற்றுநோயோ சினைப்பை புற்றுநோயோ இருக்கலாம். 'கேஸ்தான்'னு ஒரு வருஷம் ஓட்டினா அந்த ஒரு வருஷம் திரும்பி வராது.

15. வயிறு வீங்கி, வலியும் வாந்தியும் வந்து, காத்தும் மலமும் பிரியவே இல்லைன்னா அது எமர்ஜென்சி. குடல் அடைச்சிருக்கலாம். வயித்து ஆபரேஷன் ஆன நோயாளிகிட்ட ரவுண்ட்ஸ்ல நாங்க கேட்கிற கேள்வியே 'காத்து பிரிஞ்சுதா?'ன்னுதான். ஆமான்னு சொன்னா வார்டே சந்தோஷப்படும். வீட்ல அதே காத்துக்கு தாத்தாவைப் பார்த்து மூக்கைப் பொத்துறோம்.

16. அந்தக் கேலியோட விலை உங்களுக்குத் தெரியாது. காத்து பிரிஞ்சுடுமேன்னு கல்யாணத்துக்குப் போகாத பாட்டிகள் இருக்காங்க. ராத்திரி சாப்பாட்டையே விட்டவங்க இருக்காங்க. பஸ்ல பக்கத்துல யார் உட்காருவாங்களோன்னு மாசாந்திர மாத்திரை வாங்கக்கூட வராதவங்க இருக்காங்க. எடை குறைஞ்சு, தசை கரைஞ்சு, ஒரு நாள் பாத்ரூம்ல விழுந்து இடுப்பு உடையும். கேஸால யாரும் சாகறதில்லை. கேஸுக்கு வெட்கப்பட்டு சாப்பாட்டை விட்டா உடம்பு தாங்காது.

17. அதனால இந்த வாரமே ஒரு வேலை பண்ணுங்க. வீட்ல பெரியவங்க சாப்பிடுற எல்லா மாத்திரையையும், மெடிக்கல் ஷாப்ல நீங்களா வாங்கினதையும் சேர்த்து, ஒரு மஞ்சப்பையில போட்டு, பக்கத்துல இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போங்க. ஒவ்வொரு அட்டையையும் காட்டி, இது எதுக்கு, எவ்வளவு நாளைக்குன்னு கேளுங்க. பதில் கிடைக்கிற வரைக்கும் எழுந்திருக்காதீங்க.