விதியல்ல, வரைபடம்!

"எல்லாம் அவள் தலையெழுத்து, சார்!" என்றார் அந்தத் தாய்.

மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தவள் என் மாணவி. எட்டாம் வகுப்பில் படிப்பவள். காலில் மாவுக்கட்டு. பள்ளிக்கு நடந்து வந்தாள், நடைபாதை நடுவிலே அறுந்துபோயிற்று, சாலையில் இறங்கினாள், பின்னால் வந்த கார் அடித்துத் தள்ளிற்று. தாய் 'தலையெழுத்து' என்றார். பக்கத்து வீட்டு அம்மையார் 'கிரகம் சரியில்லை' என்றார். காவல் நிலையத்துக் காகிதம் 'விபத்து' என்றது. மூன்று சொற்கள், பொருள் ஒன்றுதான்: யாரும் பொறுப்பல்ல!

மறுநாள் மாலை, சென்னை மாநகரின் அந்தச் சாலைக்குச் சென்று பார்த்தேன். நடைபாதை தொடங்குகிறது. பத்தடி நடப்பதற்குள் ஒரு மின்மாற்றி. அதைச் சுற்றி வந்தால், வரிசையாக நிற்கும் இருசக்கர வண்டிகள். அவற்றைத் தாண்டினால், மூடியில்லாத மழைநீர் வடிகால். அதற்கப்பால் நடைபாதையே இல்லை. ஆனால் பக்கத்தில் ஓடும் சாலையோ அகலமானது, வழவழப்பானது. வண்டிகள் பறக்க வாகானது. இதை எழுதியது பிரம்மனின் எழுத்தாணியா? இல்லை, தோழர்களே! ஒரு பொறியாளரின் பென்சில் எழுதிற்று. ஓர் அலுவலகத்தின் முத்திரை ஒப்புக்கொண்டது. ஒரு திட்டக் குறிப்பு இடம் ஒதுக்கிற்று. காருக்கு ஒதுக்கிற்று, கால்களுக்கு ஒதுக்க மறந்தது.

தலையெழுத்தைப் படிக்க எவராலும் முடியாது. வரைபடத்தை எவரும் படிக்கலாம். அதனால்தான் தலையெழுத்தைக் காட்டி வரைபடத்தை மறைக்கிறார்கள்!

கணக்கைப் பாருங்கள். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களுள் நடந்து சென்றவர்கள் மட்டும் 32,825 பேர். நாளொன்றுக்குத் தொண்ணூறு பேர்! அதே ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள், மாநிலங்களுள் முதலிடம். மாண்டவர் 17,884 பேர். எந்த வெற்றிக்காகவோ முதலிடம் பெற்றால் வெடி வெடிக்கிறோம். இந்த முதலிடத்துக்கு யார் தலைகுனிந்தார்கள்?

விதிதான் காரணம் என்றால், அந்த விதி நாட்டுக்கு நாடு ஏன் மாறுகிறது? நெதர்லாந்தில் 1971-ஆம் ஆண்டு மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் சாலையில் மாண்டனர். அவர்களுள் நானூற்றுக்கு மேற்பட்டோர் குழந்தைகள். அங்கும் தாய்மார்கள் அழுதார்கள். ஆனால் அழுததோடு நிற்கவில்லை. 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று பெயரிட்டு ஓர் இயக்கமே கண்டார்கள், தெருவில் அமர்ந்தார்கள், ஆட்சியாளரைக் கேள்வி கேட்டார்கள். தெருக்கள் மாற்றி அமைக்கப்பட்டன. மிதிவண்டிக்குத் தனிப் பாதை வந்தது. இன்று அங்கே ஆண்டுச் சாவு ஆயிரத்துக்கும் கீழே. சுவீடன் நாட்டு நாடாளுமன்றம் 1997-இல், சாலையில் ஓர் உயிரும் போகக் கூடாது என்பதே குறிக்கோள் என்று தீர்மானம் செய்தது. நார்வேயின் தலைநகரான ஆஸ்லோவில் 2019-ஆம் ஆண்டு முழுவதும், நடந்து சென்ற ஒருவரோ மிதிவண்டியில் சென்ற ஒருவரோ சாகவில்லை. ஆஸ்லோ நகரில் எமன் விடுமுறையிலா இருந்தான்? வேகத்தைக் குறைத்தார்கள், கார் நிறுத்தும் இடங்களை எடுத்துவிட்டு மக்கள் நடக்க விட்டார்கள். அவ்வளவுதான் மந்திரம்!

இதில் மாயமில்லை, வெறும் பௌதிகம். சராசரி வேகம் நூற்றுக்கு ஒரு பங்கு கூடினால், உயிர் போக்கும் மோதலின் வாய்ப்பு நூற்றுக்கு நான்கு பங்கு கூடும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மணிக்கு முப்பது கிலோமீட்டரில் வரும் வண்டி அடித்தால் பெரும்பாலோர் பிழைத்து எழுவர். வேகம் ஏற ஏற, பிழைப்பவர் தொகை மளமளவெனச் சரியும். ஆகவே, பள்ளியின் வாசலில் எந்த வேகத்தை அனுமதிப்பது என்பது பொறியியல் கேள்வி மட்டுமல்ல. எத்தனை குழந்தைகள் பிழைக்கலாம் என்ற கேள்வி.

நம் சாலைகளில் ஒரு வருணாசிரமம் நடக்கிறது, தோழர்களே! உச்சியில் கார். அதன் கீழே இருசக்கர வண்டி. அதற்கும் கீழே பேருந்துக்குக் காத்து நிற்பவர். அடிமட்டத்தில் மிதிவண்டிக்காரர். ஐந்தாமவராய், பட்டியலுக்கு வெளியே தள்ளப்பட்டவராய், நடந்து செல்பவர்! 1924-ஆம் ஆண்டில் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் நடந்தது. பெரியார் அதற்காகச் சிறை புகுந்தார். தெருவில் நடப்பது மனித உரிமை என்று அன்றே நிலைநாட்டப்பட்டது. இன்று நடக்கக் கூடாது என்று எந்தப் பலகையும் சொல்லவில்லை. நடக்க இடமில்லை என்று நடைபாதையே சொல்கிறது. பலகை வைத்துத் தடுத்தால் எதிர்க்கிறோம். பள்ளம் வெட்டித் தடுத்தால் பழகிக்கொள்கிறோமே, நியாயமா?

சென்னைக்குத் திட்டங்களே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, உண்டு! 1895-லேயே டிராம் வண்டி ஓடிய ஊர் இது. 1953-இல் அது நின்றது. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. 1973-இல் ஜெமினி மேம்பாலம் எழுந்தது. அன்று தொட்டு மேம்பாலமே முன்னேற்றம் என்ற மயக்கமும் எழுந்தது. ஒரு சந்திப்பில் மேம்பாலம் கட்டினால் நெரிசல் அடுத்த சந்திப்புக்குப் போய் நிற்கிறது. அங்கும் ஒன்று கட்டு என்கிறார்கள். சாலை அகல அகல வண்டி பெருகும். வண்டி பெருகப் பெருகச் சாலை சுருங்கும். எலியும் வளையும் போட்ட இந்தப் பந்தயத்தில், புகையை விழுங்குபவர் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவரே.

2014-இல் சென்னை மாநகராட்சி, மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துச் செலவில் நூற்றுக்கு அறுபது பங்கு, நடப்பவருக்கும் மிதிவண்டிக்கும் என்றது. பாராட்டினோம். 2019-இல் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை மலர்ந்தது, அதையும் பாராட்டினோம். ஆனால் கடைவீதிக்குக் கிடைத்த நடைபாதை என் பள்ளித் தெருவுக்கு ஏன் கிடைக்கவில்லை? பேருந்து, ரயில், மெட்ரோ அனைத்தையும் ஒருங்கிணைக்க ஒரு குழுமம் வேண்டுமென்று சட்டம் செய்த ஆண்டு 2010. அந்தக் குழுமத்தின் முதற்கூட்டம் நடந்த ஆண்டு 2022. பன்னிரண்டு ஆண்டுகள்! ஒரு குழந்தை பள்ளியில் சேர்ந்து படிப்பையே முடித்திருக்குமே!

2008-இல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டம் 2026-ஐ எல்லையாகக் கொண்டது. 2026 முதல் 2046 வரைக்குமான மூன்றாம் முழுமைத் திட்டத்தின் வேலை 2022-இல் தொடங்கிற்று. கவனியுங்கள், இருபது ஆண்டுகள்! இன்று தாயின் இடுப்பில் இருக்கும் குழந்தை, வேலைக்குப் போகும் வரையில் நடக்க வேண்டிய தெருவை இந்தத் திட்டம்தான் வகுக்கும்.

"பணம் எங்கே?" என்பார்கள். மேம்பாலத்துக்கு இருந்த பணம் நடைபாதைக்கு மட்டும் எங்கே ஓடிற்று? "வேகமே வளர்ச்சி" என்பார்கள். யாருடைய வேகம்? ஐம்பது பேரைச் சுமந்த பேருந்து, ஒருவரைச் சுமந்த ஐம்பது கார்களின் பின்னால் ஊர்கிறதே, அதுவா வேகம்? "கார்க்காரர் வரி கட்டுகிறார்" என்பார்கள். அரிசிக்கும் செருப்புக்கும் மற்றவர் கொடுப்பது வரியல்லாமல் வேறென்ன? 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்கின்றனர், நல்ல செயல். ஆனால் அந்தப் பெண் நிறுத்தம் வரை நடந்து வர வேண்டுமே, அந்தப் பாதை எங்கே?

நாம் கேட்பவை நான்கு. பள்ளிகளைச் சுற்றி முப்பது கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட முடியாதபடி தெருவையே அமைக்க வேண்டும். அறிவிப்புப் பலகை மட்டும் போதாது. பெருஞ்சாலைகளில் பேருந்துக்குத் தனித்தடம் வேண்டும். அறுந்துபோகாத நடைபாதை முடிந்த பிறகே மேம்பாலத்துக்குப் பணம் என்ற வரிசை வேண்டும். எத்தனை உயிர்கள் போயின, எந்தத் தெருவில், ஏன் என்று ஆண்டுதோறும் மக்கள் முன் கணக்கு வைக்க வேண்டும். திட்டத்தின் வெற்றியை வண்டியின் வேகத்தால் அளக்காதீர்கள்; வீடு திரும்பிய குழந்தைகளால் அளந்து பாருங்கள்!

இளைஞர்களே, திட்ட வரைவின் மீது மக்களின் ஆட்சேபணையையும் ஆலோசனையையும் கேட்க வேண்டுமென்று 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் சொல்கிறது. அந்த உரிமையை எத்தனை பேர் பயன்படுத்தினோம்? ஒரு அளவு நாடாவும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். உங்கள் தெருவுக்குச் செல்லுங்கள். நடைபாதை எங்கே அறுகிறது, எத்தனை அடி அகலம், எது குறுக்கே நிற்கிறது என்று குறியுங்கள். கையொப்பமிட்டு அனுப்புங்கள்; பதில் வரும்வரை விடாதீர்கள்.

என் மாணவி மீண்டும் பள்ளிக்கு வருகிறாள், ஊன்றுகோலுடன். அதே தெரு, அதே மின்மாற்றி, அதே திறந்த வடிகால். சென்ற வாரம் வகுப்பில் அவளும் தோழியரும் அந்தத் தெருவை அளந்து படமாக வரைந்தார்கள். அவள் தாய் அதை நெடுநேரம் பார்த்திருந்தார். பிறகு கேட்டார்: "இதை யாரிடம் கொடுக்க வேண்டும், சார்?"

தலையெழுத்து என்று சொன்ன அதே வாய்தான்! அந்தக் கேள்வி ஒவ்வொரு தெருவிலும் எழட்டும்.