பஞ்சரத்தினத்துக்கு ஒரு பத்தி கொடுங்கப்பா!

எங்க செல்லூர்த் தறியில நாடா போகவும் தள்ளு, வரவும் தள்ளு. அதான் வேகம். எல்.சி.டி. திரையின் திரவப் படிகத்தை மின்புலம் ஒரு பக்கம்தான் திருப்பும். அது தானாகத் திரும்பிவர சில மில்லிசெகண்ட்.

1980இல் கிளார்க், லாகர்வால் இருவரும் ஃபெர்ரோஎலக்ட்ரிக் வகையை இரு பக்கமும் மின்புலத்தாலேயே திருப்பினார்கள். மைக்ரோசெகண்ட்தான்!

வட்ட முனைவுற்ற ஒளி அதன்வழி போனால், படிக அச்சு திரும்பத் திரும்ப ஒளியின் கட்டமும் மாறும். இந்த வகைக் கட்டத்தை 1956இலேயே பெங்களூர் ராமன் ஆய்வு நிலையத்தில் கண்டு எழுதியவர் பஞ்சரத்தினம். வயசு 22! உலகம் கவனித்தது 1980களில். அவரோ 1969இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

எங்க பாடப் புத்தகத்தில் அவர் பெயரே இல்லை. ராமனுக்கு ஒரு பாடம் இருக்கே, அவர் சகோதரி மகனுக்கு ஒரு பத்தியாவது வேண்டாமா? நீங்களே சொல்லுங்க மக்களே!