சிறைக்கு அதிகாரி அரசு, சிறை ஆஸ்பத்திரிக்குத் தலைவர் கோர்ட்: கலிஃபோர்னியாவில் கிட்டத்தட்ட 20 ஆண்டுகளாக என்ன நடக்கிறது?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில் சிறைகளை நடத்துவது மாகாண அரசு. பூட்டு, சாவி, காவலர், சாப்பாடு எல்லாம் அரசின் பொறுப்பு. ஆனால் அதே மதில் சுவருக்குள் இருக்கும் டாக்டர், நர்ஸ், மருந்து, லேப் ஆகியவற்றுக்குத் தலைமை வகிப்பவர் அரசு நியமித்த ஆள் கிடையாது. ஃபெடரல் நீதிமன்றம் நியமித்த 'ரிசீவர்'. 2006 ஏப்ரலில் தொடங்கிய இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு அர்னால்ட் ஸ்வார்ஸ்நெக்கர், ஜெர்ரி பிரவுன், கவின் நியூசம் என்று ஆளுநர்கள் மாறிவிட்டார்கள். ரிசீவர் பதவி மட்டும் அப்படியே இருக்கிறது.

நம்ம ஊரில் ரிசீவர் என்றால் பங்காளிச் சண்டையில் மாட்டிய சொத்தையோ, கடனில் மூழ்கிய கம்பெனியையோ பார்த்துக்கொள்ள கோர்ட் போடும் ஆள். கலிஃபோர்னியாவில் கோர்ட் கையில் எடுத்தது 33 சிறைகளின் மருத்துவத்தை. அப்போது அங்கே இருந்த கைதிகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல்.

ஒரு மாகாண அரசிடமிருந்து இவ்வளவு பெரிய பொறுப்பை நீதிபதி பிடுங்க முடியுமா? முடியும் என்பதற்கான அடித்தளம் 1976-லேயே போடப்பட்டது.

கைதிக்கு சிகிச்சை கேட்கும் உரிமை உண்டா?

டெக்சாஸ் சிறையில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு கைதியின் மேல் பருத்தி மூட்டை விழுந்தது. முதுகு போச்சு. சரியான சிகிச்சை தரவில்லை என்று அவர் வழக்குப் போட்டார். 'எஸ்டெல் எதிர் கேம்பிள்' என்ற அந்த வழக்கில் 1976-ல் தீர்ப்பு சொன்ன உச்ச நீதிமன்றம், கைதியின் கடுமையான நோயை அதிகாரிகள் தெரிந்தே அலட்சியப்படுத்தினால் அது கொடூரமான தண்டனைக்குச் சமம், அரசியல் சட்டத்தின் எட்டாவது திருத்தத்துக்கு விரோதம் என்றது. வெளியே இருப்பவர் டாக்டரைத் தேடிப் போகலாம். உள்ளே இருப்பவருக்கு அரசை விட்டால் வேறு வழி கிடையாது. அதுதான் காரணம்.

இதில் ஒரு வினோதம் உண்டு. அமெரிக்காவில் சாதாரணக் குடிமகனுக்கு அரசியல் சட்டப்படி மருத்துவ உரிமை என்று ஒன்று கிடையாது. கைதிக்கு உண்டு. வழக்குப் போட்ட அந்தக் கைதியோ கடைசியில் தோற்றார். அவர் பெயரில் வந்த சட்ட விதி மட்டும் நின்றுவிட்டது.

2005-ல் நீதிபதி என்ன பார்த்தார்?

கலிஃபோர்னியா கைதிகளின் சார்பில் 'பிளாட்டா' வழக்கு 2001-ல் தாக்கலானது. சண்டை போடாமல் அடுத்த ஆண்டே அரசு சமரசத்துக்கு வந்தது. எல்லாவற்றையும் சரி செய்கிறோம் என்று எழுதிக் கொடுத்தது. சரி செய்யவில்லை.

மூன்று வருடம் பொறுத்துப் பார்த்த நீதிபதி தெல்டன் ஹெண்டர்சன், சான் குவென்டின் சிறைக்கு நேரில் போனார். ஒரு நாளைக்குச் சுமார் 100 பேரைப் பரிசோதிக்கும் அறையில் கை கழுவத் தொட்டி இல்லை. 2005 அக்டோபரில் அவர் எழுதிய உத்தரவில், தடுத்திருக்கக்கூடிய காரணத்தால் சராசரியாக ஆறேழு நாளுக்கு ஒரு கைதி சாகிறார் என்று பதிவு செய்தார். யாருக்கும் மரண தண்டனை நிறைவேற்றிய கணக்கு இல்லை இது. காய்ச்சல், நெஞ்சுவலி, புற்றுநோய் என்று வந்து, பார்க்க ஆளில்லாமல் போனவர்களின் கணக்கு.

பிறகு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் இப்படிப்பட்ட மரணங்கள் இடம்பெற்றன. தாங்க முடியாத நெஞ்சுவலி என்று சொன்னவரை டாக்டர் பார்க்க எட்டு மணி நேரம் ஆனது, இறந்துவிட்டார். கடும் வயிற்று வலியோடு இருந்தவரை ஸ்பெஷலிஸ்ட்டிடம் அனுப்ப ஐந்து வாரம். அவரும் இறந்துவிட்டார். 17 மாதமாக விரைப்பையில் வலி என்று சொல்லிக்கொண்டே இருந்த இளைஞருக்குப் புற்றுநோய் இருக்குமோ என்று யாரும் சோதிக்கவே இல்லை.

பணம் இல்லாததுதான் காரணமா?

பணமும் ஒரு காரணம். ஆனால் அதை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். யார் சொல்வதை யார் கேட்பது என்பதுதான் பெரிய சிக்கல்.

சிறைக்குள் வார்டன்தான் எல்லாம். ஒரு கைதியை உடனே வெளி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று டாக்டர் சொல்லலாம். கூட்டிப் போகக் காவலர் வேண்டும், வண்டி வேண்டும். ஆள் இல்லை என்று வார்டன் தரப்பு சொன்னால் டாக்டரின் சீட்டு வெறும் காகிதம். செல்லில் இருந்து சிறைக்குள்ளேயே இருக்கும் கிளினிக்குக்கு வரவும் காவலர் துணை வேண்டும். அப்பாயின்ட்மென்ட் இருந்தும் நோயாளி வந்து சேரவில்லை என்பது அன்றாடச் செய்தி.

'எம்.டி.ஏ.' என்று ஒரு பதவியும் அங்கே இருந்தது. அந்த ஆள் நர்ஸும் கூட, காவலரும் கூட. காலையில் மாத்திரை கொடுப்பவரே கலாட்டா நடந்தால் கைதியை அடக்கவும் வேண்டும். அவரிடம் போய் எந்தக் கைதி தன் உடம்பைப் பற்றி மனம் விட்டுப் பேசுவார்?

டாக்டர்களைத் தேர்ந்தெடுத்த விதமும் அப்படித்தான். லைசென்ஸ் இருக்கா, நாடித் துடிப்பு இருக்கா, காலில் ஷூ இருக்கா, வேலைக்கு வா என்ற அளவில்தான் ஆள் எடுத்தார்கள் என்று கோர்ட்டிலேயே சொல்லப்பட்டது.

ரிசீவர் வந்ததும் என்ன மாறியது?

முதல் ரிசீவர் ராபர்ட் சிலென், சான்டா கிளாரா கவுண்டியின் பொது மருத்துவமனை அமைப்பை நடத்தியவர். ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் சம்பளம். அது அப்போதே சர்ச்சையானது. ஆனால் அவருக்குச் சம்பளத்தை விடப் பெரிய ஒன்று கிடைத்தது. குறுக்கே நிற்கும் மாகாணச் சட்டத்துக்கு விலக்கு கேட்டு அவர் நேராக நீதிபதியிடம் போகலாம். டெண்டர், ஊதிய விகிதம் என்று அரசு இயந்திரத்தில் பல மாதம் சுற்றும் கோப்பு, ஒரு கோர்ட் உத்தரவில் முடிந்துவிடும். டாக்டர்களின் சம்பளம் உயர்ந்தது அப்படித்தான்.

எம்.டி.ஏ. பதவி ஒழிக்கப்பட்டு, அந்த இடத்துக்கு லைசென்ஸ் பெற்ற நர்ஸ்கள் வந்தார்கள். நோயாளிகளைக் கூட்டிவர மட்டும் தனிக் காவலர் பிரிவு அமைக்கப்பட்டது. பின்னர் ஒவ்வொரு சிறையிலும் மருத்துவத்துக்கென்று ஒரு தலைமை நிர்வாகி வந்தார். அவர் பதில் சொல்வது வார்டனுக்கு இல்லை, ரிசீவரின் அலுவலகத்துக்கு. வெளியே இருந்து பார்த்தால் சாதாரண நிர்வாக மாற்றம்தான். சிறைக்குள் இதுதான் பெரிய விஷயம்: நோயாளி விஷயத்தில் டாக்டரின் சொல்லுக்கு முதல் தடவையாக வெயிட் வந்தது.

அரசோடு மோதிக்கொண்டே இருந்த சிலெனை 2008 ஜனவரியில் நீதிபதியே மாற்றினார். அடுத்து வந்த கிளார்க் கெல்சோ டாக்டர் இல்லை, சட்டப் பேராசிரியர். கொஞ்சம் சமாதானமான ஆள் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் அவரும் அதே ஆண்டு, சிறை மருத்துவக் கட்டடங்களுக்கு 800 கோடி டாலர் கொடு என்று கோர்ட்டுக்குப் போனார். அரசு மறுத்தது. அவ்வளவு பணம் கடைசி வரை வரவில்லை. 80 கோடி டாலருக்கும் மேல் செலவில் ஸ்டாக்டனில் ஒரு பெரிய சிறை மருத்துவமனை 2013-ல் திறக்கப்பட்டது. திறந்த சில மாதங்களிலேயே அடிப்படைப் பொருள்கள்கூட ஒழுங்காக வந்து சேராததால், புது நோயாளிகளை அனுமதிப்பதை 2014 தொடக்கத்தில் ரிசீவரே நிறுத்தி வைத்தார். புதுக் கட்டடம் வந்தால் வைத்தியமும் வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அது ஓர் அடி.

கூட்டத்தைக் குறைக்காமல் வைத்தியம் பார்க்க முடியுமா?

முடியாது என்று 2011 மே 23-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 'பிரவுன் எதிர் பிளாட்டா' வழக்கில் 5-க்கு 4 என்ற கணக்கில் வந்த தீர்ப்பு அது. சுமார் 80,000 பேருக்காகக் கட்டிய சிறைகளில் 1,56,000 பேர் அடைபட்டிருந்தார்கள். ஜிம் கூடத்தில் 200 பேர், ஒரே கழிப்பறைக்கு 54 பேர். 12-க்கு 20 அடி கூண்டில் 50 நோயாளிகள் வரை அடைக்கப்பட்டு ஐந்து மணி நேரம்கூடக் காத்திருந்தார்கள். இதில் மருத்துவர் பணியிடங்களில் 25 சதவீதம் காலி, மனநல மருத்துவர் பணியிடங்களில் 54.1 சதவீதம் காலி. நீதிபதி கென்னடி தன் தீர்ப்போடு சிறையின் புகைப்படங்களையே இணைத்துவிட்டார்.

கொள்ளளவில் 137.5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது உத்தரவு. கைதிகளை வெளியே விட்டால் குற்றம் பெருகும், மக்கள்தான் பாதிக்கப்படுவார்கள் என்று எதிர்த் தீர்ப்பில் நீதிபதி அலிட்டோ எச்சரித்தார். நடந்ததோ, கூண்டோடு விடுதலை இல்லை. சிறு குற்றவாளிகளை மாகாணச் சிறைக்குப் பதில் கவுண்டி சிறைகளுக்கு அனுப்பும் சட்டம் 2011 அக்டோபரில் அமலானது. 2014-ல் மக்கள் வாக்கெடுப்பில் சில குற்றங்களுக்கான தண்டனையும் குறைந்தது. 2015 தொடக்கத்தில் மாகாணம் வரம்புக்குள் வந்துவிட்டது. சுமை கவுண்டிகள் தலையில் ஏறியது என்ற புகாரில் நியாயம் உண்டு.

சிறை மருத்துவத்துக்குத் தலைமை என்றால் ஊசி, மருந்தோடு முடிவதில்லை. அவெனல், பிளசன்ட் வேலி சிறைகள் இருக்கும் பகுதியில் மண்ணிலேயே ஒரு பூஞ்சை உண்டு. காற்றில் தூசியோடு கிளம்பி நுரையீரலைத் தாக்கும், 'வேலி ஃபீவர்' என்று பெயர். யார் எந்த ஊர்ச் சிறையில் இருக்க வேண்டும் என்பதையே நோய் தீர்மானிக்கும் நிலை. ஆபத்து அதிகமுள்ள கைதிகளை அங்கிருந்து மாற்றச் சொல்லி 2013-ல் நீதிபதி உத்தரவு போட வேண்டியிருந்தது.

கொரோனாவில் சறுக்கியது யார்?

ரிசீவர் ஏற்பாட்டை ஆதரிப்பவர்களுக்குச் சங்கடமான அத்தியாயம் இது. 2020 மே மாதக் கடைசியில், கொரோனா பரவிக்கொண்டிருந்த சினோ சிறையில் இருந்து, ரிஸ்க் அதிகமுள்ள கைதிகளைக் காப்பாற்றுவதாகச் சொல்லி 122 பேரை சான் குவென்டினுக்கு மாற்றினார்கள். அதுவரை அங்கே கொரோனா நுழையவில்லை. மாற்றப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு எடுத்த டெஸ்ட் இரண்டு வாரத்துக்கும் மேல் பழையது. அதன் பிறகு சுமார் 2,200 கைதிகளுக்குத் தொற்று. 28 கைதிகளும் ஓர் ஊழியரும் இறந்தார்கள்.

2021 பிப்ரவரியில் அறிக்கை தந்த மாகாண இன்ஸ்பெக்டர் ஜெனரல், இதைப் பொதுச் சுகாதாரப் பேரழிவு என்று சொல்லி, சிறைத்துறையோடு சேர்த்து ரிசீவரின் கீழ் இயங்கும் மருத்துவப் பிரிவையும் பொறுப்பாக்கினார். வார்டன் பேச்சைக் கேட்டு நடந்த பழைய தவறு இல்லை இது. அனுப்பச் சொல்லி அவசரப்படுத்தியதே மருத்துவத் தலைமைதான்.

அதே ஆண்டு எதிர்ப்பக்கமும் தெரிந்தது. சிறை ஊழியர்கள் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும் என்று ரிசீவர் பரிந்துரைத்தார், நீதிபதி ஜான் டைகர் உத்தரவிட்டார். மாகாண அரசும் காவலர் சங்கமும் மேல்முறையீடு செய்ய, அந்த உத்தரவு நிறுத்தப்பட்டு 2022-ல் ரத்தானது. நோயை உள்ளே கொண்டுவரக்கூடியவர்கள் தினமும் வந்து போகும் ஊழியர்கள். அவர்கள் விஷயத்தில் ரிசீவரின் கை அவ்வளவு நீளமில்லை.

எப்போது முடியும்?

ஒட்டுமொத்தமாக ஒரே நாளில் இல்லை, ஒவ்வொரு சிறையாகத் திரும்பத் தருவது என்பதுதான் வழிமுறை. இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆய்வு செய்வார், தரம் தேறினால் அந்தச் சிறையின் மருத்துவம் அரசுக்குப் போகும். சறுக்கினால் ரிசீவர் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 2015 ஜூலையில் முதலில் திரும்பியது ஃபோல்சம் சிறை. 2020-க்குள் பாதிக்கும் மேற்பட்ட சிறைகள் அரசிடம் வந்துவிட்டன. இப்போது கைதிகள் எண்ணிக்கை 1 லட்சத்துக்கும் கீழே, சில சிறைகள் மூடியே விட்டார்கள். ஆனால் நீண்ட தண்டனையில் இருப்பவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. டயாலிசிஸ், மறதி நோய், சக்கர நாற்காலி என்று செலவின் முகம் மாறிவிட்டது.

தேர்தலில் நிற்காத ஒருவர் மக்களின் வரிப்பணத்தை இவ்வளவு காலம் செலவழிக்கலாமா என்ற கேள்வியை அரசுத் தரப்பு பல தடவை எழுப்பியிருக்கிறது. கேள்வி சரிதான். ஆனால் கைதிக்காகச் செலவு செய்து ஓட்டு வாங்கிய அரசியல்வாதி எங்கேயும் இல்லை. 2002-ல் எழுதிக் கொடுத்த வாக்குறுதி காற்றில் போனதும் அதனால்தான்.

இன்னொரு பக்கம், 1990-ல் தொடங்கிய 'கோல்மன்' என்ற மனநல வழக்கு இன்னும் ஓடுகிறது. சிறைகளில் மனநல ஊழியர் பணியிடங்களை நிரப்பாததற்காக 2024 ஜூனில் நீதிபதி கிம்பர்லி முல்லர் மாகாணத்துக்கு 11.2 கோடி டாலர் அபராதம் விதித்தார். அதற்கும் அசையாததால் 2025-ல் மனநலப் பிரிவுக்கும் தனியாக ஒரு ரிசீவரைக் கொண்டுவந்தார். அந்தப் பொறுப்புக்கு வந்திருப்பவர் அமெரிக்க ஃபெடரல் சிறைத்துறையின் முன்னாள் இயக்குநர் கோலெட் பீட்டர்ஸ்.