மர வாத்தும் உயிர் வாத்தும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - விலங்கியல்)

‘பார்வை’ என்ற சொல்லுக்கு நாம் அன்றாடம் வழங்கும் பொருள் ஒன்று. பழந்தமிழர் அறிந்த பொருள் இன்னொன்றும் உண்டு. காட்டு விலங்கையோ பறவையையோ பிடிப்பதற்காக வேடன் பழக்கி வைத்திருக்கும் அதே இனத்து உயிருக்கும் பார்வை என்றே பெயர். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பின் விளாமரத்தில் பார்வை மான் கட்டப்பட்டிருக்கும் காட்சி வருகிறது. தமிழ் வகுப்பில் இதைக் கேட்ட அன்று என் நினைவுக்கு வந்தது எங்கள் தாத்தாவின் கவுதாரிக் கூண்டு. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். முதலில் கடல் கடந்து செல்வோம். பார்வை வைத்துப் பறவையை அழைக்கும் கலையை ஒரு விஞ்ஞானமாகவே வளர்த்த பெருமை (சிறுமை என்பாரும் உளர்) வட அமெரிக்க வாத்து வேட்டைக்காரர்களையே சாரும்.

அங்கே இது நேற்று முளைத்த பழக்கமன்று. நெவாடா மாநிலத்தில் லவ்லாக் என்னும் குகை ஒன்று உண்டு. 1924-இல் அதை அகழ்ந்தவர்களுக்குக் கோரைப் புல்லால் கட்டிய பதினொரு வாத்து பொம்மைகள் கிடைத்தன. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் அம்மண்ணின் பழங்குடி மக்கள் செய்தவை. கோரையை வளைத்து உடலாக்கி, வண்ணம் தீட்டி, இறகும் செருகியிருக்கிறார்கள். இன்ன இன வாத்து என்று இன்றும் அடையாளம் சொல்லும்படி அத்தனை ஒப்புமை! பின்னால் வந்த வெள்ளையர் கோரையை விட்டு மரத்துக்கு மாறினர், இன்று பிளாஸ்டிக். பொருள் மாறியதே தவிரச் சூழ்ச்சி மாறவில்லை.

பொம்மையை மிதக்கவிட்டால் வாத்து வந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். அதைப் பரப்பி வைப்பதில்தான் வேட்டைக்காரனின் கல்வி அடங்கியிருக்கிறது. வாத்து எப்போதும் காற்றை எதிர்த்தே தண்ணீரில் இறங்கும். ஆகாய விமானம் தரையிறங்குவதைப் போல. ஆகவே வேட்டைக்காரன் காற்றைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டு நாணல் மறைவில் அமர்கிறான். அவனுக்கு முன்னே குதிரை லாட வடிவில் பொம்மைகள் மிதக்கும். லாடத்தின் திறந்த வாய் காற்று போகும் திசையை நோக்கியிருக்கும். நடுவில் வேண்டுமென்றே வெற்றிடம் விடுகிறான். ‘வாருங்கள், இங்கே இடமிருக்கிறது’ என்று சொல்லும் வெற்றிடம் அது. துப்பாக்கியிலிருந்து இருபது, முப்பது கெஜத்துக்குள் அது இருக்க வேண்டும். சிலர் தூண்டில் முள்ளைப் போல ஒரு பக்கம் நீண்ட வால் விட்டு வைப்பார்கள். பறந்து வரும் கூட்டம் அந்த வாலைத் தொடர்ந்து வந்து வளைவுக்குள் இறங்கும்.

இடைவெளியும் ஒரு மொழியே. அச்சமின்றி இரை தேடும் வாத்துகள் விலகி விலகி மிதக்கும். ஆபத்தை உணர்ந்தவை நெருங்கி ஒண்டும். எனவே பொம்மைகளை நெருக்கி வைப்பவன் தன்னையறியாமல் ‘இங்கே பயம்’ என்று எழுதி வைக்கிறான். ஒன்றுக்கொன்று ஐந்தாறு அடி விடவேண்டும் என்பது அனுபவசாலிகளின் கணக்கு. காற்றில்லாத நாளில் தண்ணீர் கண்ணாடிபோல் கிடக்கும். அசையாத பொம்மை பிணம்போல் தோன்றும். அதற்காக நூல் கட்டி மறைவிலிருந்து சுண்டியிழுத்து அலை எழுப்புவார்கள். பருவத் தொடக்கத்தில் ஏமாறும் பறவை, பல துப்பாக்கிகளைக் கடந்து வந்தபின் எளிதில் ஏமாறுவதில்லை.

இத்தனையையும் படித்தபோது எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது. வாத்தின் எலும்புகளைப் பெயர் சொல்லி எண்ணத் தெரிந்த எனக்கு, அது எந்தப் பக்கம் பார்த்து இறங்கும் என்பது தெரியாமல் போயிற்றே! நம் ஊர் ஏரிக்கு மார்கழியில் வரும் ஊசிவால் வாத்தும் கிளுவையும் இப்படித்தானே காற்றை எதிர்த்து இறங்கியிருக்கும்?

நிற்க. நான் வழக்காட வந்தது மரப் பொம்மையைப் பற்றியன்று. ஒரு காலத்தில் அமெரிக்க வேடர்கள் பொம்மைகளோடு உயிருள்ள வாத்துகளையும் மிதக்கவிட்டனர். பழக்கிய பெட்டை வாத்தின் காலில் வார் கட்டி, அதைத் தண்ணீருக்கு அடியில் எடையோடு பிணைத்துவிடுவார்கள். வானில் போகும் தன் இனத்தைக் கண்டு அது குரல் கொடுக்கும், கூட்டம் திரும்பும், துப்பாக்கி வெடிக்கும். வறட்சியாலும் சதுப்பு நிலங்கள் வற்றடிக்கப்பட்டதாலும் 1930-களில் அங்கே வாத்துகள் பெரிதும் குறைந்தன. 1934-இல், வேட்டையாடுவோர் ஒரு டாலர் கொடுத்து வாத்து முத்திரை வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. கேலிச்சித்திரக்காரர் டார்லிங் வரைந்த முதல் முத்திரையிலும் வாத்துகளே இறங்கின. மறு ஆண்டே, 1935-இல், தானியம் தூவி வாத்தைக் கூட்டிச் சுடுவதும், உயிர் வாத்தைப் பார்வையாக வைப்பதும் தடை செய்யப்பட்டன. மர வாத்துக்குத் தடையில்லை.

இந்தக் கோடு சரியான இடத்தில்தான் கிழிக்கப்பட்டது என்பது என் துணிபு.

விடுதி நண்பன் ஒருவன் என்னை மடக்கினான்: “சுடப்பட்ட வாத்துக்கு மரமென்ன, உயிரென்ன? இரண்டிலும் சாவுதானே?” கேள்வி கூர்மையானதே. செத்த வாத்துக்கு வேறுபாடில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாவதற்கு முன் அந்தப் பறவை ஒரு முடிவு எடுக்கிறது. மேலே இரண்டு மூன்று முறை வட்டமிட்டுப் பார்க்கிறது. மரப் பொம்மை பொய். பொய்யில் எங்கோ ஒரு பிசகு இருக்கும். காற்று திரும்பியிருக்கலாம், வர்ணம் பளபளக்கலாம், பொம்மைகள் நெருங்கியிருக்கலாம். கூரிய கண்ணுள்ள பறவை அதைக் கண்டு தப்பிச் செல்லும். உயிர் வாத்திடம் கண்டுபிடிக்க என்ன பிசகு இருக்கிறது? கண்டது உண்மை வாத்து. கேட்டது உண்மைக் குரல். இறங்கி வந்த பறவையின் அறிவு பிழைக்கவேயில்லை, ஆனாலும் செத்தது. சரியாகக் கணித்ததற்குத் தண்டனை கொடுப்பது எந்த விளையாட்டில் நியாயம்?

இப்போது மின்கலத்தில் இயங்கும் சுழல் சிறகுப் பொம்மைகள் வந்துவிட்டன. 1990-களின் இறுதியில் பரவியவை இவை. சிறகின் கருப்பும் வெள்ளையும் மாறி மாறி மின்ன, வாத்து இறங்குவதுபோலவே தூரத்திலிருந்து தெரியும். இவற்றை வைத்தால் கூடுதல் வாத்துகள் விழுகின்றன என்று ஆய்வுகள் காட்டின. சில மாநிலங்கள் கட்டுப்பாடு விதித்தன; பல விடவில்லை. இதுவும் பொய்தானே என்றால், பொய்தான். ஆனால் காற்றையும் இடைவெளியையும் கற்காதவனுக்கும் கைகொடுக்கும் பொய். கட்டுப்படுத்தியவர்கள் பக்கமே நான்.

இனி தாத்தாவின் கூண்டுக்கு வருகிறேன். வளர்த்த ஆண் கவுதாரியைக் கூண்டோடு புன்செய்க் காட்டில் வைத்துச் சுற்றிலும் கண்ணி நடுவார்களாம். கூண்டுப் பறவை கூவும். ‘என் எல்லைக்குள் எவன்?’ என்று காட்டுக் கவுதாரி சண்டைக்கு ஓடிவந்து கண்ணியில் விழும். வாத்து நம்பி வருகிறது, கவுதாரி கோபித்து வருகிறது, பிடிபடுவது இரண்டும்தான். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தம் வேட்டைக் கதவை அடைத்தது. தாத்தா கூண்டைப் பரணில் ஏற்றிவிட்டுக் கூலி வேலைக்குப் போனார். என் வாதத்தை அவரிடமும் சொன்னேன். “அமெரிக்காக்காரன் விளையாட்டுக்குச் சுட்டான்டா. நான் அரிசிக்குப் பிடிச்சேன். ரெண்டையும் ஒரே தராசுல வைக்கிறியே” என்றார். அவர் பிடித்த பறவைகளின் காசில் வளர்ந்தவர் என் தந்தை. அந்தக் காசின் தொடர்ச்சியில்தான் நான் இந்தக் கல்லூரி வாசற்படி ஏறினேன். தாத்தாவைக் குற்றவாளியாக்க என் நா எழவில்லை. அதற்காக, கூண்டுக் கவுதாரி செய்தது நியாயம் என்றும் எழுத முடியவில்லை.

பேச்சை மாற்ற மெய்ன் மாநிலத்துக் கதையைச் சொன்னேன். அங்கே ஈஸ்டர்ன் எக் ராக் என்ற சிறு தீவில் பஃபின் என்னும் வண்ண அலகுக் கடற்பறவைகள் 19-ஆம் நூற்றாண்டில் வேட்டையால் அற்றுப்போயின. ஸ்டீபன் கிரெஸ் என்பவர் 1973 முதல் கனடாவின் நியூபவுண்ட்லாந்திலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து வளர்த்துக் கடலில் விட்டார். அவை தீவுக்குத் திரும்ப வேண்டுமே! கூட்டமில்லாத இடத்தில் பஃபின் இறங்கத் தயங்கும். 1977-இல் பாறைகளின்மேல் மரப் பஃபின்களை நிறுத்தி வைத்தார். வேடனின் அதே தந்திரம்; துப்பாக்கி மட்டும் இல்லை. பறவைகள் வந்தன, பொம்மைகளோடு பழகின. 1981-இல் அங்கே மீண்டும் கூடுகட்டின. இன்று அத்தீவில் நூற்றுக்கும் மேற்பட்ட இணைகள் குடித்தனம் நடத்துகின்றன.

தாத்தா வெற்றிலையை மடித்தபடியே எல்லாவற்றையும் கேட்டார். பிறகு நிமிர்ந்து கேட்டார்: “அந்தப் பொம்மைகளை ஒன்றுக்கொன்று எத்தனை அடி விட்டு வெச்சாராம்?”